டிக்கெட்டை ரத்து செய்தவர்களுக்கு, தோணிக்கரையிலிருந்து

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

2024 ஜனவரியில் மாலத்தீவு டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, அதைப் படமெடுத்து ஊருக்கெல்லாம் காட்டினீர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். உங்களில் ஒருத்தி என் தங்கை மகள். அப்போது கல்யாணமாகிப் பத்து நாள்கூட ஆகவில்லை. மாப்பிள்ளைக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கடலுக்கு மேல் கால் ஊன்றி நிற்கும் மரவீட்டில் நாலு ராத்திரி தங்க முன்பணம் கட்டியிருந்தார்கள். திரும்பி வராத பணம். "போனா போகுது மாமா, நாடுதான் முக்கியம்" என்றார் மாப்பிள்ளை. முகத்தில் வருத்தமே இல்லை. வீட்டில் உட்கார்ந்தபடியே போருக்குப் போய்வந்த குதூகலம் இருந்தது.

அதே வாரம் ஒரு வேலையாகத் தூத்துக்குடி பழைய துறைமுகத்துப் பக்கம் போயிருந்தேன். ஒரு தோணியில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. சிமென்ட் மூட்டை, ஜல்லி, மேலே காய்கறிப் பெட்டிகள். எங்கே என்று கேட்டேன். மூட்டை தூக்கியவர் தலையைத் திருப்பாமலே "மாலி" என்றார். எங்கள் பக்கத்தில் மாலத்தீவின் தலைநகர் மாலேயை அப்படித்தான் சொல்வோம். டெலிவிஷனில் ஓடிக்கொண்டிருந்த இந்தியா-மாலத்தீவுச் சண்டை அவருக்குத் தெரியுமா என்று கேட்கலாமா என நினைத்து, கேட்காமல் வந்துவிட்டேன். வேலையாக இருப்பவரிடம் கேட்கிற கேள்வியா அது?

இப்போது அதே மாப்பிள்ளை மறுபடியும் டிக்கெட் விலை பார்க்கிறார். 2025 ஜூலையில் பிரதமர் மோடி மாலே போய், அந்த நாட்டின் 60ஆவது சுதந்திர தினத்தில் முக்கிய விருந்தினராக உட்கார்ந்துவிட்டு வந்தார் அல்லவா? "ராசியாகிட்டாங்க மாமா, இனி போகலாம்" என்கிறார். போகட்டும். போக வேண்டாம் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. முப்பது வருஷம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் ஷிப்பிங் பில் எழுதியவன் நான். என் பெரியப்பா மாலேவுக்குத் தோணி ஓட்டிய தண்டல். நீங்கள் கோபப்பட்டதும் இப்போது சமாதானமானதும் எந்த நாட்டோடு என்று கொஞ்சம் சொல்லலாமே என்றுதான்.

முதலில் உங்கள் புறக்கணிப்பு என்ன சாதித்தது என்று பார்ப்போம். 2023இல் மாலத்தீவுக்குப் போன வெளிநாட்டுப் பயணிகளில் இந்தியர்களுக்குத்தான் முதலிடம். இரண்டு லட்சத்து ஒன்பதாயிரம் பேர். 2024இல் அது ஏறக்குறைய ஒரு லட்சத்து முப்பதாயிரமாக விழுந்தது. பெரிய அடிதான், மறுக்கவில்லை. ஆனால் அதே 2024இல் அந்த நாட்டுக்கு வந்த மொத்தப் பயணிகள் எண்ணிக்கை இருபது லட்சத்தைத் தாண்டியது; அதற்கு முந்தைய வருஷத்தைவிடக் கூடுதல். சீனர்கள் முதலிடத்துக்கு வந்தார்கள். நீங்கள் காலி செய்த அறையில் ஷாங்காயிலிருந்து வந்த புது ஜோடி படுத்துத் தூங்கியது. உங்கள் முன்பணத்தால் யாருக்கு வலித்தது என்று கேட்டால், என் தங்கை வீட்டுக்காரருக்கு என்றுதான் சொல்வேன். பணம் கொடுத்தவர் அவர்.

இந்தச் சண்டையைத் தொடங்கிவைத்த மாலத்தீவின் மூன்று துணை அமைச்சர்கள் எழுதியது அசிங்கம். மோடி லட்சத்தீவுக் கடற்கரையில் எடுத்துக்கொண்ட படங்களைப் பார்த்து அவர்களுக்கு வந்த எரிச்சலும், அதில் இந்தியர்களைப் பற்றி எழுதிய வார்த்தைகளும் பதவியில் இருப்பவர்களுக்கு அழகில்லை. அவர்கள் அரசாங்கமே அவர்களை இடைநீக்கம் செய்தது. அதோடு அது முடிந்திருக்க வேண்டும். நீங்கள் லட்சத்தீவா மாலத்தீவா என்று கட்சி பிரித்துக்கொண்டீர்கள். இதில் ஒரு வேடிக்கை. லட்சத்தீவின் தென்கோடியில் இருக்கும் மினிக்காய்த் தீவில் மலையாளம் பேச்சு மொழி இல்லை. அவர்கள் பேசுவது மஹல். மாலத்தீவின் திவேகி மொழியின் இன்னொரு முகம் அது. வலமிருந்து இடமாக எழுதும் தானா எழுத்தும் அதேதான். சூரை மீனைத் தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடித்து, அவித்து, புகை போட்டு, காயவைத்து மாசி ஆக்குவதும் அதே முறைதான். 1976இல் இரு நாடும் கடல் எல்லை வகுத்தபோது மினிக்காய் நம் பக்கம் என்பது எழுத்தில் உறுதியானது. எல்லை கடலில் ஓடுகிறது, பேச்சு எல்லைக்கு இரண்டு பக்கமும் ஓடுகிறது. நீங்கள் ஒரு தீவை உயர்த்தி இன்னொன்றைத் தாழ்த்தியபோது மினிக்காய்க்காரர்கள் யார் பக்கம் நிற்பது?

சரி, சண்டை உச்சத்தில் இருந்த காலத்துக்கு வருகிறேன். 2023 நவம்பரில் பதவியேற்ற அதிபர் முகமது முய்சு, இந்திய ராணுவத்தினர் வெளியேற வேண்டும் என்றார். இரண்டு ஹெலிகாப்டரையும் ஒரு டோர்னியர் விமானத்தையும் இயக்கிப் பராமரித்துக்கொண்டிருந்த எண்பது பேர் அளவிலான குழு அது. 2024 மே 10க்குள் அவர்கள் கிளம்ப வேண்டும், அவர்கள் இடத்துக்குச் சீருடை அணியாத தொழில்நுட்ப ஆட்கள் வருவார்கள் என்று முடிவானது. டெலிவிஷனில் ஒவ்வொரு நாளும் கத்தல். இதற்கு நட்டநடுவே, 2024 ஏப்ரல் தொடக்கத்தில், டெல்லியில் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. நீங்கள் யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். என் மாதிரி ஆட்களுக்கு அது நாவல் மாதிரி. கொஞ்சம் படித்துக் காட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024-25ஆம் நிதியாண்டில் மாலத்தீவுக்கு ஏற்றுமதி செய்ய அனுமதிக்கப்படும் அளவு: முட்டை 42 கோடியே 75 லட்சம். வெங்காயம் 35,749 டன். உருளைக்கிழங்கு 21,513 டன். அரிசி 1,24,218 டன். கோதுமை மாவு 1,09,162 டன். சர்க்கரை 64,494 டன். பருப்பு 224 டன். ஆற்று மணல் பத்து லட்சம் டன், ஜல்லி பத்து லட்சம் டன்.

1981இல் இரு நாடும் போட்ட வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் வருஷா வருஷம் வரும் பட்டியல் இது. அந்த ஒப்பந்தம் தொடங்கிய நாளிலிருந்து அதுவரை இவ்வளவு பெரிய அளவு கொடுத்ததில்லை. திரும்பப் படியுங்கள்: உறவு நாசமாகிவிட்டது என்று நீங்கள் நம்பிய அதே மாதங்களில், நாற்பது வருஷத்தில் இல்லாத அளவு. இதில் இன்னொரு நுணுக்கம். 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டிருந்தது. டிசம்பரில் வெங்காயத்துக்கும் தடை. பல நாட்டுச் சந்தைகளில் வெங்காய விலை எகிறியது. மாலத்தீவுக்கோ இந்த ஒதுக்கீட்டு வழி திறந்தே இருந்தது.

எந்தத் துறைமுகங்கள் வழியாகச் சரக்கு போகலாம் என்றும் பிறகு அறிவித்தார்கள். முந்த்ரா, நவா ஷேவா, டெல்லியில் துக்ளகாபாத் உள்நாட்டுச் சரக்கு முனையம், அப்புறம் எங்கள் தூத்துக்குடி. அந்த வரியை வாசித்தபோது ஓய்வு பெற்றவனுக்கு வரக்கூடாத பெருமை வந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

முட்டைக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்த்தேன். 2022 கணக்கெடுப்பின்படி, அங்கே குடியிருக்கும் வெளிநாட்டார் உட்பட, மொத்தமே 5,15,000 பேர்தான். 42 கோடி முட்டையை அவர்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு வருஷத்துக்கு எண்ணூறுக்கு மேல் வருகிறது. தினமும் இரண்டு முட்டை தின்றாலும் மீதி இருக்கும். அனுமதித்த அளவு முழுதும் கப்பலேறிவிடும் என்பதில்லை, அது உச்சவரம்பு. ஆனாலும் எண்ணூறா? விடை உங்களிடம்தான் இருக்கிறது. வருஷம் இருபது லட்சம் விருந்தாளிகள் காலையில் ஆம்லெட் கேட்கிறார்கள். நீங்கள் விட்டுக்கொடுத்த மரவீட்டில் அந்த ஷாங்காய் ஜோடி உடைத்துத் தின்ற முட்டை நாமக்கல்லிலிருந்து போனதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அவர்கள் படுத்த கட்டிலுக்குக் கீழே இருந்த கான்கிரீட்டில் நம் ஊர் ஜல்லி.

இந்த இடத்தில் உங்களில் சிலர் "பார்த்தீர்களா, நாம் சோறு போடுகிறோம், நன்றி இல்லாதவர்கள்" என்பீர்கள். அந்த வார்த்தையைத்தான் கேட்கப் பயந்தேன். நாம் சோறு போடவில்லை அய்யா. விற்கிறோம். ஒதுக்கீடு என்பது இலவசம் இல்லை, வாங்குவதற்கான அனுமதி. அவர்கள் காசு கொடுக்கிறார்கள். அந்தக் காசில் லாசல்காவ் வெங்காய மண்டி வியாபாரி, நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர், எங்கள் ஊர் தோணி முதலாளி, மூட்டை தூக்குகிறவர், நான், எல்லோரும் சாப்பிட்டோம். என் சம்பளத்தில் ஒரு பகுதி மாலேயிலிருந்து வந்தது. யாருக்கு யார் நன்றி சொல்ல வேண்டும்?

பெரியப்பாவிடம் சின்ன வயதில் கேட்டேன், அந்த ஊர் எப்படி இருக்கும் என்று. "ஏல, அங்க மண்ணே கிடையாதுல. மண்ணையும் நாமதாம் கொண்டுபோணும்" என்றார். எனக்குப் புரியவில்லை. மண் இல்லாத ஊர் எப்படி இருக்க முடியும்? ஏறக்குறைய 1,200 தீவு. அதில் மக்கள் வசிப்பது இருநூறுக்கும் குறைவானவற்றில். எல்லா நிலத்தையும் ஒன்றாகக் கூட்டினால் முந்நூறு சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. பவளம் உதிர்ந்து குவிந்த வெள்ளை மணல்தான் தரை. தென்னை வரும், பூசணி வரும், நெல் வராது. பழைய காலத்தில் பவளப் பாறையை வெட்டி வீடு கட்டினார்கள். அதையே வெட்டிக்கொண்டிருந்தால் அலையைத் தடுக்க எதுவும் மிஞ்சாது. அதனால் செங்கல், மணல், கல் எல்லாம் கடல் தாண்டி வருகிறது. இப்படிப்பட்ட பவளத் தீவு வளையத்துக்கு உலகம் முழுக்க வழங்கும் 'அடோல்' என்ற பெயர் இவர்கள் மொழி கொடுத்ததுதான். அவர்கள் படகுக்குப் பெயர் 'தோனி'. எங்கள் தோணி.

தோணி கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் போகாது. மழைக்காலம் கழிந்து கடல் இறங்கியதும் கிளம்பும். நேராகக் கோடு போட்டால் நானூறு கடல் மைல் அளவு. பெரியப்பா காலத்தில் பாய் மட்டும்; காற்று நின்றால் நடுக்கடலில் நின்று கிடக்க வேண்டியதுதான். போகும்போது வெங்காயம், கருப்பட்டி, ஓடு. வரும்போது மாசி. தோணி கரை தொட்டதைப் பார்க்க வேண்டியதில்லை. தெருமுனையில் வாசனையே சொல்லும். காயல்பட்டினத்தில், கீழக்கரையில் இன்றைக்கும் மாசி இல்லாத அடுப்படி குறைவு. அம்மியில் மாசியைத் தட்டி, தேங்காயும் மிளகாயும் சின்ன வெங்காயமும் சேர்த்து இடித்த சம்பல் இருந்தால் எனக்கு வேறு தொட்டுக்கொள்ள எதுவும் வேண்டாம்.

நீங்கள் அங்கே போனால் தங்கும் விடுதியின் இத்தாலியப் பலகாரத்தை ஒரு நாள் விட்டுவிட்டு, மாலே நகரத்தில் ஒரு சின்ன டீக்கடையில் காலை உணவு சாப்பிடுங்கள். மாஸ் ஹுனி கொடுப்பார்கள். உதிர்த்த சூரை மீன், துருவிய தேங்காய், பொடியாக நறுக்கிய வெங்காயம், மிளகாய், எலுமிச்சை. கையால் பிசைந்தது. கூட ரோஷி என்று ஒரு மெல்லிய ரொட்டி. மீன் அவர்கள் கடலில் பிடித்தது, தேங்காய் அவர்கள் மரத்தில் காய்த்தது. வெங்காயமும் ரொட்டி மாவும் எங்கிருந்து போயிருக்கும் என்பது அந்த அறிவிக்கையில் இருக்கிறது. எங்கள் மாசிச் சம்பலை எடுத்துக்கொண்டால் கணக்கு அப்படியே திரும்பும்.

மாசி என்றதும் ஒரு பழைய கதை. உங்கள் கோபத்துக்கு விடை அதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பல தலைமுறையாக மாலத்தீவு விற்றது முக்கியமாக ஒரே பொருள், மாசி. வாங்கியது பெரும்பாலும் ஒரே கடை, இலங்கை. எழுபதுகளின் தொடக்கத்தில் இலங்கையில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்தது. மாசி இறக்குமதியைச் சுருக்கினார்கள். இலங்கைக்காரருக்கு அது சம்பலில் கொஞ்சம் சுவை குறைந்த சமாசாரம். மாலத்தீவுக்காரருக்கு வருமானமே நின்றுபோனது. வேறு வழி தேட வேண்டி வந்தது. ஜப்பானியக் கப்பல்களுக்குப் பச்சை மீனாகவே விற்கத் தொடங்கினார்கள். 1972 அக்டோபரில் குரும்பா என்ற பெயரில் முதல் சுற்றுலா விடுதி திறந்தது. இன்று நீங்கள் படம் பிடிக்கப் போகும் அத்தனை மரவீடுகளுக்கும் வித்து அப்போது விழுந்ததுதான். ஒரே கடையை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பது அவர்கள் வீட்டுத் தாத்தாக்களுக்கு நினைவிருக்கிறது.

அதனால் 2024 ஜனவரியில் முய்சு சீனாவிலிருந்து திரும்பியதும், இனி உணவுப் பொருளைத் துருக்கி போன்ற நாடுகளிலிருந்தும் வாங்குவோம், மருந்தை வேறிடத்திலிருந்தும் வாங்குவோம், நோயாளிகளை இந்தியா இலங்கை தவிர மற்ற நாடுகளுக்கும் அனுப்புவோம் என்றபோது, எனக்குத் துரோகமாகப் படவில்லை. தேர்தலில் 'இந்தியாவே வெளியேறு' என்ற கோஷத்தில் ஏறி வந்தவர் அவர். அதில் மலிவான அரசியல் நிறைய இருந்தது. சொன்ன விதம் சண்டைக்காரத்தனம். ஆனால் சொன்ன விஷயம், ஐந்து லட்சம் பேருக்குச் சோறு, மருந்து, ஆஸ்பத்திரி மூன்றுக்கும் ஒரே வாசலில் நிற்கும் எவனும் இரவில் யோசிக்கிற விஷயம். உங்கள் மளிகைக் கடைக்காரர் ஒரு நாள் கோபித்துக்கொண்டு உங்கள் வீட்டையே புறக்கணிப்போம் என்று தெருவில் கூட்டம் போட்டால், மறுநாள் நீங்கள் அடுத்த தெருவில் கடை தேட மாட்டீர்களா? அவர்கள் பயம் நியாயம்தான் என்று நிரூபித்துக் கொடுத்தவர்கள் நீங்கள்.

1988ஐப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். நம் பக்கக் கதையாக. நவம்பர் 3 விடியுமுன் மாலேயில் கூலிப்படை இறங்கியது. அதிபர் மௌமூன் அப்துல் கயூம் உதவி கேட்டார். ராஜீவ் காந்தி அன்றிரவே ஆக்ராவிலிருந்து பாராசூட் படையை விமானத்தில் அனுப்பினார். ஹுலுலே ஓடுதளத்தில் இறங்கினார்கள். கூலிப்படையினர் பிணைக்கைதிகளோடு கப்பலில் தப்பி ஓட, நம் கடற்படைக் கப்பல் ஐஎன்எஸ் கோதாவரி துரத்திப் பிடித்தது. உண்மையிலேயே மெச்சத்தக்க வேலை. பெரும்பகுதிப் படை சீக்கிரமே திரும்பியும் வந்துவிட்டது. அதைத்தான் நான் அதிகம் மெச்சுவேன்.

ஆனால் வந்து இறங்கிய கூலிப்படை யார்? அப்துல்லா லுத்துஃபி என்ற மாலத்தீவு வியாபாரி ஏற்பாடு செய்தது. ஆட்கள் இலங்கையின் புளொட் இயக்கத்தவர்கள். தமிழ் பேசியவர்கள். அதற்கு அடுத்த பருவத்தில் மாலே போய்வந்த பெரியப்பா, முன்பு தோளில் கைபோட்டுப் பேசிய கடைக்காரர் ஒருவர் அந்தத் தடவை தோணிக்காரர்கள் தங்களுக்குள் தமிழில் பேசியதைக் கேட்டதும் ஒரு நொடி நின்று பார்த்தார் என்று சொன்னார். ஒரு நொடிதான், அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தாராம். பெரியப்பாவுக்கு அந்த ஒரு நொடி கடைசி வரை ஆறவில்லை. அவர்கள் இருக்கும் இடத்திலிருந்து பாருங்கள். தாக்க வந்தவர்களும் காப்பாற்ற வந்தவர்களும் ஒரே நாளில் கடலுக்கு அந்தப் பக்கத்துப் பெரிய நிலங்களிலிருந்து வந்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன் ராஜராஜன் வென்றதாகக் கல்வெட்டு சொல்லும் பழந்தீவு பன்னீராயிரம் இந்தத் தீவுகள்தான் என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் கருத்து. நாம் அதைப் பெருமையோடு மேடையில் சொல்கிறோம். வெல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கக்கூடும் என்பது நமக்கு நினைவு வருவதில்லை.

அவமானக் கணக்கு எழுதுவதென்றால் நம் பெயரிலும் பற்று உண்டு. 1994இல் கேரளப் போலீஸ் போட்ட இஸ்ரோ உளவு வழக்கு. விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு நடந்த அநியாயம் எல்லோருக்கும் தெரியும், சினிமாவும் வந்தது. வழக்கே பொய் என்று 1996இல் சிபிஐ சொன்னது. 2018இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்தப் பொய் வழக்கில் 'உளவுக்காரிகள்' என்று பெயர் சூட்டப்பட்டு மூன்று வருஷத்துக்கு மேல் நம் சிறையில் கிடந்த இரண்டு மாலத்தீவுப் பெண்களின் பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்களுக்காக மாலேயில் யாரும் இந்தியாவைப் புறக்கணிக்கவில்லை. வைத்தியத்துக்குத் திருவனந்தபுரத்துக்கு விமானமேறி வந்துகொண்டுதான் இருந்தார்கள். வேறெங்கே போவது?

நல்லதும் நிறைய உண்டு. அதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை என்பதால் ஒரே ஒரு சம்பவம். 2014 டிசம்பர் 4. மாலேயின் குடிநீர் நிலையத்தில் தீ. கடல்நீரைக் குடிநீராக்கிக் குடிக்கும் நகரம். குடிக்கத் தகுந்த கிணறு, ஆறு, ஏரி எதுவும் கிடையாது. குழாயைத் திறந்தால் காற்று. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பாட்டில் தண்ணீருக்குக் கடை வாசலில் முட்டிக்கொண்டார்கள். மறுநாளே இந்திய விமானப்படை தண்ணீர்ப் பாட்டில்களோடு இறங்கியது. ஐஎன்எஸ் சுகன்யா துறைமுகத்தில் நின்றபடி தன் இயந்திரத்தில் கடல்நீரைச் சுத்திகரித்துக் கொடுத்தது. சீனாவும் அனுப்பியது. தாகத்துக்கு வந்த தண்ணீரில் அவர்கள் கொடி பார்க்கவில்லை.

பிறகு வந்த ஹெலிகாப்டர் விவகாரமும் இதே மாதிரிதான். அவை பெரும்பாலும் செய்தது, தூரத் தீவுகளிலிருந்து பிரசவ வலியில் இருப்பவர்களையும் மாரடைப்பு வந்தவர்களையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவது. நூற்றுக்கணக்கான தடவை. அதைச் செய்தவர்கள் போட்டிருந்த சட்டைதான் பிரச்சினை. சட்டையை மாற்றியதும் அதே இயந்திரம், அதே வேலை. டெல்லி அதை ஒத்துக்கொண்டது. எனக்கு அந்த முடிவு பிடித்திருந்தது.

மற்ற கணக்குகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மாலே விமான நிலையத்தை நடத்த 2010இல் இந்தியாவின் ஜிஎம்ஆர் நிறுவனத்தோடு ஒப்பந்தம். 2012இல் அதை ரத்து செய்தார்கள். தீர்ப்பாயம் சொல்லி 2016இல் சுமார் 27 கோடி டாலர் கொடுத்தார்கள். மாலேயையும் விமான நிலையத் தீவையும் இணைக்கும் பாலத்தைச் சீனா கட்டி 2018இல் திறந்தது. மாலேயிலிருந்து மேற்கே திலஃபுஷி வரை 6.74 கிலோமீட்டர் பாலத்தை இந்தியப் பணத்தில் இந்திய நிறுவனம் கட்டிக்கொண்டிருக்கிறது. சீனாவோடு 2017இல் கையெழுத்தான தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது; நம்மோடும் ஒன்றுக்குப் பேச்சு நடக்கிறது. தெருவில் இரண்டு கடை இருந்தால் யாரும் பேரம் பேசத்தான் செய்வார்கள். 2024 செப்டம்பரில் டாலர் கையிருப்பு தீரும் நிலைக்கு வந்து கடன் தவணை கட்ட முடியுமா என்று உலகமே கேட்டுக்கொண்டிருந்தபோது, அக்டோபரில் முய்சு டெல்லி வந்தார். 40 கோடி டாலரும் அதற்கு மேல் 3,000 கோடி ரூபாயும் நாணயப் பரிமாற்ற வசதியாகக் கொடுத்தோம். ஒன்பது மாதம் கழித்து மாலேயில் வைத்து 4,850 கோடி ரூபாய் கடனுதவி அறிவிப்பு. 'வெளியேறு' என்றவரே வாசல் வரை வந்து கட்டித் தழுவினார். உங்களுக்கு இது வெற்றியாகத் தெரியலாம். கடன் கொடுத்தவரைத் தழுவுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான் என்று என் கிளார்க் புத்தி சொல்கிறது.

எனக்கும் இந்த உறவில் ஓர் உறுத்தல் உண்டு. பட்டியலின் கடைசி வரியில் இருந்ததே, ஆற்று மணல் பத்து லட்சம் டன். தாமிரபரணியில் மணல் அள்ளாதே என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2010இல் தடை போட வேண்டி வந்த ஊர்க்காரன் நான். உறைகிணறு கீழே இறங்கியதைக் கண்ணால் பார்த்தவன். அனுமதி பெற்ற இடத்திலிருந்து எடுக்க வேண்டும், கடலோர மண்டலத்தில் தோண்டக்கூடாது என்றெல்லாம் நிபந்தனை இருக்கிறது. நிபந்தனை காகிதத்தில் எப்படி இருக்கும், லாரியில் எப்படி இருக்கும் என்பதும் முப்பது வருஷம் காகிதம் எழுதியவனுக்குத் தெரியும். கடல் ஏறி வருவதால் அவர்களுக்கு மேடு கட்ட மணல் வேண்டும். ஆறு காய்ந்துபோவதால் நமக்கு அந்த மணல் ஆற்றிலேயே கிடக்க வேண்டும். இரண்டு நாடும் உட்கார்ந்து பேச வேண்டியதென்று ஒன்றைக் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். கடற்கரைப் படத்துக்கு வந்த கோபத்தில் நூற்றில் ஒரு பங்கு இதற்கு வந்திருந்தால் உங்களோடு சேர்ந்து நானும் கூவியிருப்பேன்.

ஆகவே போங்கள். அங்கே டாக்சிக்காரரிடமோ படகுக்காரரிடமோ "நீங்கள் இந்தியா பக்கமா, சீனா பக்கமா" என்று கேட்டுவைக்காதீர்கள். விடுதித் தீவிலேயே அடைந்து கிடக்காமல் ஒரு பகல் மாலேயில் இறங்கி, வடக்குக் கரையில் நடங்கள். மீன் சந்தையும் காய்கறிச் சந்தையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வெங்காய மூட்டை மேல் அச்சடித்திருக்கும் எழுத்தைப் படியுங்கள். படம் வேண்டுமானால் அதையும் ஒன்று எடுத்துப் போடுங்கள்.

வரும்போது எனக்கு அரைக்கிலோ மாசி. விடுதிக் கடையில் வண்ணத்தாள் சுற்றி விற்பது வேண்டாம். சந்தையில் வாங்க வேண்டும். கருப்பாக, மரத்துண்டு மாதிரி இருக்கும். இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள், கட்டையில் கட்டை மோதுகிற சத்தம் வர வேண்டும். சத்தம் மங்கலாக இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே அடியிலிருந்து வேறு எடுத்துக் கொடுப்பார். மூன்று பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிப் பெட்டிக்குள் வையுங்கள். அப்படியும் மாப்பிள்ளையின் சட்டையெல்லாம் ஒரு மாதத்துக்கு வாசனை அடிக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.

அன்புடன்,
உங்கள் மாமா ஒருவன்,
தூத்துக்குடி